மடித்து ஒட்டிய முனை

செத்த பேட்டரியைக் குப்பையில் வீசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவேன். ரிமோட்டிலிருந்து கழற்றிய செல்லைக் காய்கறித் தோலோடு சேர்த்துக் கட்டிப் போடுகிற கையைப் பிடித்து நிறுத்தி, "இது எங்க போகும் தெரியுமா? மண்ணுக்குப் போகும், தண்ணிக்குப் போகும், கடைசில சுத்தி உன் வயித்துக்கே வரும்" என்று சொல்லியிருக்கிறேன். அதனால் எங்கள் ஐந்து மாடிக் கட்டடத்தில் பாதிப் பேர் என்னைப் பார்த்தால் கதவைச் சாத்திக்கொள்வார்கள். மீதிப் பேர் பேட்டரியைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். இரண்டுமே எனக்குச் சம்மதம்தான்.

முப்பத்தொரு வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகியும் எல்லோருக்கும் நான் சிஸ்டர்தான். நாலாம் மாடியில் நானும் என் வீட்டுக்காரரும் மட்டும். கீழே மாடிப்படிக்கு அடியில் மூடி போட்ட ஒரு பெயிண்ட் வாளி வைத்திருந்தேன். மூடியில் கத்தியால் ஒரு வாய் வெட்டிவிட்டேன், செல்லைப் போடுவதற்கு. சனிக்கிழமை தோறும் வாளியை மேலே தூக்கிவந்து, சாப்பாட்டு மேசையில் பழைய போர்வையை விரித்துக் கொட்டி வகை பிரிப்பேன். பென்சில் செல்லுக்கு ஒரு துணிப்பை, பட்டன் செல்லுக்கு ஒரு ஜாடி. பிரித்ததை எல்லாம் மறுபடி கீழே கொண்டுபோய் அதே இடத்தில் வைத்துவிடுவேன். மாதம் ஒருமுறை மறுசுழற்சி ஆலையின் வேன் வந்து எடுத்துக்கொண்டு போகும்.

சதுர பேட்டரி மட்டும் தனிச் சமாசாரம். தீ அலாரத்திலும் மைக்கிலும் போடுவார்களே, தலையில் இரண்டு பொத்தான் வைத்தது, அதைத்தான் சொல்கிறேன். செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டாலும் உள்ளே கொஞ்சம் உயிர் இருக்கும். இரண்டு பொத்தானையும் ஒரே நேரத்தில் ஏதாவது உலோகம் தொட்டால் போச்சு, கொதிக்க ஆரம்பித்துவிடும். அதனால் ஒவ்வொன்றின் தலையிலும் ஆஸ்பத்திரி வெள்ளைப் பிளாஸ்டரை ஒட்டித்தான் அட்டைப்பெட்டியில் அடுக்குவேன். ஒட்டும்போது ஒரு முனையை அரை விரல் அகலத்துக்கு உள்பக்கமாக மடித்துவிடுவேன். நோயாளி கையில் ஊசிக்கு மேல் ஒட்டும்போது அப்படி மடித்து வைத்தால், பிரிக்கும்போது நகத்தால் தோலைச் சுரண்ட வேண்டாம். பேட்டரிக்கு வலிக்கவா போகிறது? ஆனால் கை கேட்டால்தானே.

"எதைக் கண்டாலும் டேப்பு ஒட்டறே. ஒருநாள் என் வாயிலயும் ஒட்டப்போறே" என்பார் வீட்டுக்காரர்.

"அதுக்கு ரெண்டு ரோல் வேணும். வாங்கிட்டு வாங்க" என்பேன்.

பதினாலாம் தேதி சனிக்கிழமை. மூன்று மணிக்கு நான் எல்லாவற்றையும் பிரித்து அடுக்கிக் கீழே வைத்துவிட்டு வந்தேன். நாலரைக்குப் படிக்கட்டு முழுக்கப் புகை. நான் நாலு மாடி இறங்கிப் போவதற்குள், படி துடைக்கிற விசில் மொட்டை மாடியிலிருந்து என்னைத் தாண்டி ஓடினாள். துடைக்கிற வாளித் தண்ணீரைக் கொட்டி, ஈரச் சாக்கைப் போட்டு மிதித்து, அவள் ஒருத்தியே அணைத்துவிட்டாள். என் வாளி உருகித் தரையோடு ஒட்டிக் கிடந்தது. அவள் அறைக் கதவு பாதி கருகிவிட்டது. பக்கத்தில் நின்றிருந்த செகரட்டரியின் ஸ்கூட்டர் சீட் எரிந்து, கம்பி எலும்புக்கூடாகத் தெரிந்தது.

விசில் என்பது அந்தப் பெண்ணுக்கு நாங்கள் வைத்த பெயர். கட்டடத்தின் படிகளைத் துடைக்கிறவள். விசிலடித்துக்கொண்டேதான் துடைப்பாள். ஐந்தாம் மாடியில் தொடங்கினால், விசில் இறங்கி வருவதை வைத்தே எந்த மாடியில் இருக்கிறாள் என்று சொல்லிவிடலாம். மாடிப்படிக்கு அடியிலுள்ள ஒற்றை அறையில் ஒன்பது வருஷமாகக் குடியிருக்கிறாள். அறை வேலையோடு வந்தது, வேலை போனால் அறையும் போகும். புருஷன் விட்டுவிட்டுப் போனவன். அந்தப் பத்துக்குப் பத்து அறையை விட்டால் அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

செகரட்டரி முதல் மாடிக்காரர். குடியிருப்போர் சங்கத்துக்கு ஏழு வருஷமாக அவர்தான் செகரட்டரி, வேறு யாரும் அந்தத் தலைவலியைக் கேட்கவில்லை. தும்மினால்கூடச் சுற்றறிக்கை விடுவார். தீப்பிடித்த மறுநாள் காலையிலேயே அறிவிப்புப் பலகையில் காகிதம் தொங்கியது. துப்புரவுப் பணியாளர் அனுமதியில்லாமல் வைத்திருந்த கரண்ட் அடுப்பே தீக்குக் காரணம் என்று தெரியவருகிறதாம். வியாழன் மாலை ஆறு மணிக்குச் சிறப்புக் கூட்டமாம். பணியாளரை நீக்குவது, அறையைச் சங்க அலுவலகமாக மாற்றுவது பற்றிப் பேசுவார்களாம்.

அந்த அறையில் அவருக்கு ரொம்ப நாளாக ஒரு கண். மேசை, சுழல் நாற்காலி, சுவரில் தன் போட்டோ, இதெல்லாம் அவர் மனசில் எப்போதோ வந்து உட்கார்ந்துவிட்டன. எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறியது. நேராக விசிலிடம் போனேன்.

"அடுப்பு போட்டிருந்தியா?"

"ஐயோ, இல்ல சிஸ்டர். வயரை ஸ்விட்சுல சொருகவே இல்ல. நான் மாடியில டேங்க் கழுவிக்கிட்டு இருந்தேன். அணைச்சதும் நான்தான், மாட்டிக்கிட்டதும் நான்தானா?"

"அழாதே. எவனோ டேப்பு ஒட்டாம ஒரு சதுர பேட்டரியை அந்தப் பெட்டிக்குள்ள போட்டுட்டுப் போயிருக்கான். அவனைக் கண்டுபிடிச்சு இந்தக் கட்டடத்து முன்னாடி நிறுத்தறேன் பாரு."

எவ்வளவு திமிராகச் சொன்னேன் என்று இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

கருகியதையெல்லாம் ஒரு சாக்கில் அள்ளி வண்டி நிறுத்துமிடத்தில் போட்டிருந்தார்கள். செவ்வாய் சாயங்காலம் அதை மேலே இழுத்துவந்தேன். வீட்டுக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். நான் கையுறை போட்டுக்கொண்டு, போர்வையை விரித்து, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். சதுர பேட்டரிகள் பதினொன்று இருந்தன. நான் அடுக்கியதும் பதினொன்றுதான். டேப் ஒட்டாத பன்னிரண்டாவது எதுவும் இல்லை.

நான்கு பேட்டரிகள் வெடித்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அந்தக் கட்டியைத் திருப்பினேன். கரிக்கு நடுவில் ஏதோ மினுக்கியது. இடுக்கியால் தூக்கிப் பார்த்தேன். வெள்ளி நிறத்தில் ஒரு டேப் துண்டு. எரியாமல் கிடந்தது. ஒரு முனை அரை விரல் அகலத்துக்கு உள்பக்கமாக மடிந்திருந்தது.

பேட்டரித் தலையில் டேப்பை மடித்து ஒட்டுகிற பைத்தியம் இந்த ஊரிலேயே ஒருத்திதான்.

அந்தச் சனிக்கிழமை வெள்ளைப் பிளாஸ்டர் தீர்ந்துபோயிருந்தது. மருந்துக் கடைக்காக இன்னொரு தடவை நாலு மாடி இறங்கி ஏற முழங்கால் இடம் கொடுக்கவில்லை. முந்தின நாள் ஏசி ரிப்பேர் செய்ய வந்த மெக்கானிக் மீதி டேப் ரோலை ஜன்னலில் விட்டுப் போயிருந்தான். பளபளவென்று, அகலமாக, நன்றாக ஒட்டுகிற டேப். ஏசிக் குழாயில் சுற்றுகிற டேப். பின்னால் பசை தடவிய அலுமினியத் தகடு அது. முப்பத்தொரு வருஷம் டேப்போடு வாழ்ந்தவளுக்கு அது தகடு என்று உறைக்கவில்லை. டேப் என்றால் டேப்தானே என்று பதினொன்றுக்கும் ஒட்டி, அடுக்கி, இடம் அடைக்கிறதே என்று பென்சில் செல் பையை அந்தப் பெட்டியின் மேலேயே தூக்கி வைத்தேன். மூன்று கிலோ இருக்கும்.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள ஸ்டூல் போட்டு ஏறி, எங்கள் வீட்டு அலாரத்திலிருந்து பேட்டரியைக் கழற்றினேன். அதே ரோலில் ஒரு துண்டு கிழித்து ஒட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. பசைதான் நடுவில் நின்று காப்பாற்றுகிறது. மனசுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம்கூட எட்டிப் பார்த்தது. பிறகு கட்டைவிரலால் அழுத்தினேன், பெட்டி மேல் வைத்த பை அழுத்தியிருக்குமே, அந்த மாதிரி. பொத்தானின் விளிம்பு பசையைக் கிழித்துக்கொண்டு தகட்டைத் தொட்டது. எண்பது எண்ணுவதற்குள் கையில் பிடிக்க முடியவில்லை. பேட்டரியைப் பால்கனித் தொட்டி மண்ணில் விட்டெறிந்தேன்.

வீட்டுக்காரர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றார். ஒரு வார்த்தை கிண்டல் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

டேப்பே ஒட்டாமல் விட்டிருந்தால்கூட அன்றைக்கு அநேகமாக ஒன்றும் நடந்திருக்காது. அக்கறையில்லாத எவனாவது செய்திருந்தால் விசிலின் கதவு தப்பித்திருக்கும். அக்கறையாகச் செய்கிறேன் பேர்வழி என்று நான்தான் கொளுத்தினேன்.

புதன் காலை செகரட்டரி வந்தார். காபி வேண்டாம் என்றார், பிறகு குடித்தார்.

"சிஸ்டர், உங்க பேட்டரி வாளியை நான் குறை சொல்லவே இல்ல. அது நல்ல காரியம். எல்லாம் அந்த அடுப்பு பண்ணின வேலை. அந்த ரூம் காலியானதும் வாசல்லயே ஸ்டீல்ல ஒரு பெட்டி வெச்சுடலாம். பூட்டு சாவியோட. மேலே உங்க பேரைப் பொறிச்சு."

"என் பேரையா?"

"பின்ன? நாளைக்குக் கூட்டத்துல நீங்க ஒண்ணும் பேச வேணாம். சும்மா உட்கார்ந்திருந்தாப் போதும்."

அவர் போன பிறகு அந்த ஸ்டீல் பெட்டியை நான் நினைத்துப் பார்த்தேன் என்பதை மறைக்கப்போவதில்லை. ஆறு வருஷம் வாளிக்காரி என்று கேலி கேட்டவள் நான். வாசலில் பூட்டு சாவியோடு என் பேர். வாயை மூடிக்கொண்டால் போதும்.

மத்தியானம் படி இறங்கும்போது விசில் தன் பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமையிலிருந்தே படிக்கட்டில் விசில் சத்தம் இல்லை.

"நாளைக்கு நீங்க மட்டும்தான் எனக்காகப் பேசுவீங்க சிஸ்டர். அவனைக் கண்டுபிடிச்சீங்களா?"

"பேசறேன்மா" என்றேன். கண்டுபிடித்ததைச் சொல்லவில்லை. இறங்கி, எதற்கு இறங்கினேன் என்று தெரியாமல் தெருமுனை வரைக்கும் நடந்துவிட்டுத் திரும்பினேன். வார்டில் ஒருநாள் தப்பான மாத்திரையைக் கொடுத்துவிட்டு நானே போய் டாக்டரிடம் சொன்னவள். அப்போது வயசு இருபத்துநாலு. இப்போது அந்த இருபத்துநாலு வயசுக்காரி எங்கே ஒழிந்தாள் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

வியாழன் ஆறு மணி. கீழ்த்தளத்து ஹாலில் இருபது பேர் இருந்தோம். இருபது பேருக்கு எதற்கு மைக்? செகரட்டரிக்கு வேண்டும். வயர் இல்லாத மைக், ஊதிப் பார்த்து, தட்டிப் பார்த்து, "ஹலோ, ஹலோ" என்று ஆரம்பித்தார். அடுப்பு, வயர், அலட்சியம், பாதுகாப்பு என்று ஒரு கால் மணி நேரம். விசில் கதவோரமாக நின்றாள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை.

"ஆகவே, இந்தத் தீர்மானத்தை ஆதரிக்கறவங்க..."

எழுந்து போய் மைக்கை அவர் கையிலிருந்து வாங்கினேன். பேசத்தான் வாங்குகிறேன் என்று நினைத்துக் கொடுத்துவிட்டார். அதன் அடிப்பக்கத்தைத் திருகித் திறந்து, உள்ளேயிருந்த சதுர பேட்டரியைக் கழற்றினேன். எனக்கு மைக் தேவையில்லை. நாற்பது படுக்கை வார்டில் கடைசிப் படுக்கைக்குக் கேட்கிற குரல் என்னுடையது.

"தீ வெச்சது அடுப்பு இல்ல. நான்."

ஹாலில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது.

"சிஸ்டர், உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்றார் செகரட்டரி.

"உடம்பெல்லாம் கல்லு மாதிரி இருக்கு. கையை நீட்டுங்க."

பையிலிருந்து வெள்ளி டேப்பை எடுத்தேன். ஒரு துண்டு கிழித்து, முனையை மடித்து, பேட்டரியின் தலையில் ஒட்டினேன். கட்டைவிரலால் நன்றாக அழுத்தி, அவர் உள்ளங்கையில் வைத்து மூடினேன்.

"இது ஏசி டேப்பு. பசை தடவின தகடு. எங்கிட்ட பிளாஸ்டர் தீர்ந்துபோச்சு, இதைப் பதினோரு பேட்டரிக்கு ஒட்டினேன். மேல மூணு கிலோ பாரத்தையும் வெச்சேன். சாக்கைக் கொட்டிப் பாத்தேன், என் டேப்பு கிடைச்சுது. மடிச்ச முனையோட. கெட்டியாப் பிடிங்க சார், விட்டுடாதீங்க."

"என்ன விளையாட்டு இது? லேசா வெதுவெதுன்னு..."

"நூறு எண்ணலாமா? ஒண்ணு, ரெண்டு..."

மூன்றாவது வரிசையிலிருந்து யாரோ சேர்ந்து எண்ண ஆரம்பித்தார்கள். ஐம்பதுக்கு அவர் கையை மாற்றினார். அறுபதுக்கு விரல் நுனியில் பிடித்தார். எழுபத்திரண்டில் "அம்மாடி!" என்று உதறிவிட்டார். பேட்டரி தரையில் சறுக்கிப் போய் விசிலின் காலடியில் நின்றது. அவள் குனிந்து, துடைக்கிற துணியை அதன்மேல் போட்டாள்.

"இது ஒண்ணுதான். அந்தப் பெட்டியில பதினொண்ணு இருந்துச்சு, அட்டைக்கு நடுவுல" என்றேன். "அந்தப் பொண்ணு தீயை அணைச்சா. அவளையா வெளிய தள்ளப் பாக்கறீங்க? தள்ளணும்னா என்னைத் தள்ளுங்க. நாலாம் மாடி, இடதுபக்கக் கதவு. பெல் அடிச்சா நானே திறப்பேன்."

செகரட்டரி கையை ஊதிக்கொண்டே, "அப்ப உங்க வாளிதான் ஆபத்துன்னு ஒத்துக்கறீங்க. இனிமே இந்தக் கட்டடத்துல பேட்டரி சேக்கக் கூடாது!" என்றார்.

"ஆபத்து வாளி இல்ல சார், என் முட்டாள்தனம். அதை ஒத்துக்கறேன். உங்க ஸ்கூட்டர் சீட்டையும் கதவையும் மாத்தித் தரேன். ஆனா பேட்டரி சேக்கறதை நிறுத்த மாட்டேன். படிக்கு அடியில வெக்கக் கூடாதுன்னா என் வீட்டு பால்கனியில மண்ணு போட்டு வெப்பேன். என் வீட்டுக்குள்ள சுற்றறிக்கை செல்லாது."

கடைசியில் கை தூக்கச் சொன்னார்கள். விசில் இருக்கலாம் என்பதற்குப் பதினெட்டுக் கை. படிக்கட்டுக்கு அடியில் வாளி கூடாது என்பதற்கும் ஏறக்குறைய அதே பதினெட்டு. அந்தக் கைகளில் ஒன்று என் வீட்டுக்காரருடையது. "பின்ன, பயமா இருக்காதா?" என்றார், படி ஏறும்போது. அவரோடு அன்றைக்கு நான் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கொட்டை எழுத்தில் ஒரு காகிதம் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். "பதினாலாம் தேதி தீ என் தவறு. பளபளக்கும் டேப்பைப் பேட்டரியில் ஒட்டாதீர்கள். பேட்டரிகள் இனி நாலாம் மாடியில் வாங்கப்படும். சிஸ்டர்." பத்து மணிக்கு அது காணாமல் போனது. மறுபடி ஒட்டினேன். மத்தியானம் மறுபடி காணோம். மூன்றாம் தடவை நாலு பக்கமும் வெள்ளைப் பிளாஸ்டர் போட்டு, எந்த முனையையும் மடிக்காமல் ஒட்டினேன். அதைப் பிய்க்க அவருக்கு நகம் போதவில்லை, இன்னும் இருக்கிறது.

ஆனால் நாலு மாடி ஏறி யார் வருவார்கள்? சனிக்கிழமை மூன்று மணிக்கு மேசையில் போர்வையை விரித்துவிட்டு, வெறும் போர்வையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெல் அடித்தது. விசில். கையில் துடைக்கிற வாளி, அதில் பாதிக்குப் பேட்டரி.

"எவன் நாலு மாடி ஏறுவான்? நான்தான் தினம் ஏறறேனே. ஒவ்வொரு கதவா தட்டி வாங்கிட்டேன். முதல் மாடியிலயும் வாங்கிட்டேன், மைக்கு பேட்டரி."

உள்ளே வரச் சொன்னேன். வாளியை மேசைமேல் வைத்தாள், ஆனால் உட்காரவில்லை.

"ஒண்ணு கேக்கணும் சிஸ்டர். எப்பத் தெரியும் உங்களுக்கு?"

பொய் சொல்லலாம் என்று ஒரு நொடி தோன்றியது. "செவ்வாய்க்கிழமை சாயங்காலம்."

"புதன்கிழமை நான் பாத்திரம் கட்டறப்ப?"

"தெரியும்."

அவள் என்னைப் பார்த்தாள். வார்டில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள், ஒரு தடவை ஒருத்தர் தட்டை வீசியிருக்கிறார். அந்தப் பார்வை மாதிரி எதுவும் என்னைத் தைத்ததில்லை.

"ரெண்டு நாள் நான் சோறு தின்னல" என்றாள்.

"தப்புதான். மன்னிச்சிடுன்னு கேக்க எனக்கு வாய் வரலம்மா. ஆனா தப்புதான்."

அவள் நாற்காலியை இழுத்து, நான் எப்போதும் உட்காருகிற பக்கத்தில் உட்கார்ந்தாள். என் முன்னாலிருந்த புதுப் பிளாஸ்டர் ரோலை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். துணிதானா, தகடா என்று.

"இனிமே ஒட்டறது நானு. நீங்க பிரிச்சுக் குடுங்க, போதும்."

முப்பத்தொரு வருஷம் என்று ஆரம்பிக்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டு, வாளியிலிருந்து முதல் சதுர பேட்டரியை எடுத்து அவளிடம் நீட்டினேன். பிளாஸ்டரைப் பல்லால் கடித்துக் கிழித்தாள், அழுத்தி ஒட்டினாள். முனையை மடிக்கவில்லை. அடுத்ததை எடுத்துக் கொடுத்தேன்.